லயத்துக்குள் வந்த மேசை

இலங்கை மலையகத்தின் டயகமவில் தேயிலை நட்ட காலத்திலிருந்தே மேசை இருக்கிறது. ஆனால் அது இருந்த இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். துரையின் பங்களா, தோட்டத்து ஆபீஸ், ஃபெக்டரியில் டீமேக்கரின் அறை, கிளாக்கர் வீடு, பெரிய கங்காணியின் வீடு, கடைசியாகத் தோட்டப் பள்ளிக்கூடம். அக்கரப்பத்தனையைக் கடந்து ஹோட்டன் சமவெளியின் பக்கமாக ஏறும் பாதையின் இருபுறமும் நீளும் லயங்களில் தொழிலாளி குடும்பங்கள் வாழ்ந்தன. லயத்து ஒற்றை அறைகளான அந்தக் காம்பராக்களுக்குள் மேசை வந்தது மிகவும் பிந்தித்தான்.

காரணம் எளிது. லயம் கோப்பிக் காலத்து ஏற்பாடு. 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்து, அடுத்த இருபது வருடங்களில் மலை முழுக்கத் தேயிலையாக மாறியபோதும் குடியிருப்பின் அளவு மாறவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று, முன்னால் இஸ்தோப்பு என்ற தாழ்வாரம். அடுப்பு, விறகு, பாய், ட்ரங்குப் பெட்டி, கம்பளி, கொழுந்துக் கூடை எல்லாம் இதற்குள்ளேயே அடங்க வேண்டும். பிள்ளை வீட்டுப்பாடம் எழுதினால் அது தரையில், அல்லது வாசற்படியில், இருட்டிவிட்டால் குப்பி லாம்பு வெளிச்சத்தில்.

ஆபீஸ் மேசையைத் தொழிலாளி அறிந்தது எதிர்ப்பக்கத்தில் நின்றுதான். அதன்மேல் செக்ரோல் என்ற பேர்ப் பதிவேடு விரிந்து கிடக்கும். யாருக்கு முழுப் பேர், யாருக்கு அரைப் பேர், எத்தனை றாத்தல் கொழுந்து, அரிசிக்கும் கம்பளிக்கும் எவ்வளவு பிடிப்பது என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். கங்காணிக்குத் தொழிலாளி பட்ட கடனைக் கடதாசியில் எழுதி, அந்தக் கடனோடு ஆளையே ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்ற உதவிய துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. கடதாசி போனது, மேசைக்கு அந்தப்பக்கம் யார், இந்தப்பக்கம் யார் என்ற ஒழுங்கு போகவில்லை.

விதிவிலக்குகள் உண்டு. மலையகத்தின் முதல் பெரிய எழுத்தாளர்களில் ஒருவரான சி. வி. வேலுப்பிள்ளை 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் பெரிய கங்காணி. படிக்கவும் எழுதவும் வசதியுள்ள வீடு. 1947 பொதுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனார். அவருடைய திறமை அவருடையதுதான். ஆனாலும் அவர் வளர்ந்தது காம்பராவில் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காம்பராவுக்குள் பலகை வந்த வழிகளில் ஒன்று தேயிலைப் பெட்டி. ஃபெக்டரியிலிருந்து கொழும்புக்குப் போன தேயிலை, தகர விளிம்பு அடித்த ஒட்டுப்பலகைப் பெட்டிகளில்தான் போனது. வெனெஸ்டா என்ற வணிகப்பெயர் கொண்ட பெட்டிகள் உலகம் முழுக்கப் பிரபலம். துருவப் பயணி எர்னஸ்ட் ஷாக்கிள்டன் 1907இல் அந்தாட்டிக்காவுக்குப் புறப்பட்டபோது சாமான்களை வெனெஸ்டா பெட்டிகளிலேயே கட்டினார். அங்கே அவருடைய ஆட்கள் அந்தப் பலகைகளால் தட்டும் தளபாடமும் செய்துகொண்டார்கள். 1908இல் அங்கே தங்கள் குடிசைக்குள் தாங்களே அச்சடித்த புத்தகத்துக்கு அட்டையும் அதே பலகைதான். தென்துருவத்துக்காரர் செய்தால் சாகசம். லயத்துக்காரர் உடைந்த பெட்டியைக் கவிழ்த்துப் புத்தகம் வைத்தால் அதை யாரும் எழுதி வைக்கவில்லை. இந்தப் பலகையை இலங்கையிலேயே செய்ய, உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1941இல் காலிக்கு அருகே கிந்தொட்டையில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. பிறகு கடதாசிச் சாக்கு வந்து பெட்டியின் காலம் முடிந்தது. இலவசப் பலகையும் அத்தோடு நின்றது.

மேசைக்கு மேலே வரும் கருவிக்குத் தனிக்கதை. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன ஆர். முத்தையா, 247 எழுத்துகளை ஒரு தட்டச்சுப்பொறிக்குள் அடக்க முயன்றார். அடித்தாலும் தாளை நகர்த்தாத ‘நகரா விசை’ அவருடைய தீர்வு. பொறி ஜெர்மனியில் உருவானது. தட்டச்சுக் காலத்தின் பழக்கம் இலங்கையில் கணினிக்கும் தொடர்ந்தது. பாமினி எழுத்துரு அதே விரற்பழக்கத்தில் ஓடியது. 2008இல் வந்த எஸ்.எல்.எஸ். 1326 தரநிர்ணயம் அதே தட்டச்சு வழியில் வந்த ரெங்கநாதன் விசைப்பலகையை ஏற்றது. தமிழ்நாட்டிலோ 1999இலேயே தமிழ்99 என்ற வேறொரு விசைப்பலகை வந்துவிட்டது. ஆகவே டயகமவில் ஒருவர் கீபோர்ட் வாங்கினால், விசைகளில் இருக்கும் ஆங்கில எழுத்தைவிடத் தன் விரல் எந்த வழியில் பழகியது என்பதே பெரிய கேள்வி. தலவாக்கலையிலும் ஹட்டனிலும் கொமியுனிகேஷன் கடைகளில் விண்ணப்பம் அடித்துக் கொடுத்தவர்கள் பாமினிக்காரர்கள். போனில் தமிழ் பழகிய இளையவர்களுக்கு ‘அம்மா’வை ஆங்கில எழுத்தால் ஒலித்து அடிப்பதுதான் எளிது.

மின்சாரக் கதை இன்னும் கசப்பு. மலையாற்று நீரில் நாட்டுக்கு வெளிச்சம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே கட்டுரை வாசித்தார். லக்சபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. டயகம பக்கத்திலிருந்து இறங்கும் ஆக்ரா ஓயா கொத்மலை ஓயாவில் சேர்கிறது. தலவாக்கலையில் அந்த நீரை மறித்து 2012இல் 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டம் ஓடத் தொடங்கியது. ஃபெக்டரி இயந்திரத்துக்கு முன்பே கிடைத்த கரண்ட், பல லயங்களுக்கு ஒரு தலைமுறை கழித்தே எட்டிப்பார்த்தது.

2020 மார்ச் 13ஆம் திகதி கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்தப் பழைய கணக்கெல்லாம் ஒன்றாக முன்னே வந்து நின்றது. பாடம் போனுக்கு வந்தது. ஒரு வீட்டில் ஒரு போன், மூன்று பிள்ளை, சிக்னல் கிடைப்பதோ மேட்டில். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானி வந்ததே 2021 மார்ச்சில்தான். அடுத்த வருடம் இருநூறு ரூபாய் அளவில் இருந்த டொலர் முந்நூற்று அறுபதுக்கு ஏறியது; இறக்குமதியாகும் லெப்டொப்பின் விலையும் கூடவே ஏறியது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லை.

அந்த வருடங்கள் தோட்டத்து வீட்டுக்குச் கணினிச் சாமான் தெரிவு செய்வதில் நகரத்து ஆலோசனைகளைத் தலைகீழாக்கின. கொழும்பில் மேசைக் கணினியும் பெரிய திரையும் அதே காசுக்கு அதிக வேலை செய்யும். இங்கே பெட்டரியோடு வரும் லெப்டொப் முந்துகிறது, பழையதாக இருந்தாலும். மேசைக் கணினிதான் வேண்டும் என்றால் யூ.பி.எஸ். இல்லாமல் வாங்கிப் பயனில்லை. ஏப்ரலிலும் ஐப்பசி மழையிலும் இடி இறங்கும் மலையில் மின்னல் காப்புள்ள பிளக் கட்டாயம்; இடி கேட்டதும் வயரைக் கழற்றுவது அதைவிட நல்லது. மேசையைச் சுவரோடு ஒட்டிப் போடக்கூடாது. பனியும் மழையும் ஊறிய சுவரின் ஈரம் பின்பக்கத் துளைகளுக்குள் போகும். உயரம் இரண்டரை அடிக்குச் சற்றுக் குறைந்தால் சரி, முழங்கை நேர்கோணத்தில் நிற்க வேண்டும். கடையில் விற்கும் சுழல் கதிரைக்குக் கொடுக்கும் காசில் ஊர்த் தச்சு பாஸ் ஒருவரிடம் மேசையே செய்துகொள்ளலாம். பிளாஸ்டிக் கதிரையில் ஒரு தலையணை போதும். லெப்டொப்பைப் புத்தகங்களின் மேல் உயர்த்தித் தனிக் கீபோர்ட் செருகினால் கழுத்து தப்பும். செலவு குறைந்த, ஆனால் பலர் மறக்கும் சாமான் அந்தக் கீபோர்ட்தான்.

2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, தோட்ட மக்களுக்கு மேலும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார். இந்தத் திட்ட வீடுகள் ஏறத்தாழ 550 சதுர அடி. அதில் ஒரு மூலையை மேசைக்கு ஒதுக்கலாம். இன்னும் காம்பராவிலேயே இருப்பவர்களுக்கு இஸ்தோப்பை அடைத்த சிறு அறைதான் வழி. அங்கே கீல் வைத்துச் சுவரில் மடக்கும் பலகை, வேலை முடிந்ததும் மடித்துவிட்டுப் பாய் விரிக்க இடம் தரும். ரவுட்டரை மட்டும் சிக்னல் வரும் ஜன்னல் பக்கம் வைக்க வேண்டும், அடுப்புப் புகைக்கு எட்டாத உயரத்தில்.