எந்தை என்னும் பன்மைச் சொல்

ஜூன் மாதத்து மூன்றாம் ஞாயிறு தந்தையர் தினம் என்பதை இன்று குந்தா மலைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். வாழ்த்து அட்டை வரைவதும் அப்பாவுக்கு இனிப்பு ஊட்டுவதும் அங்கும் வழக்கமாகிவிட்டன. இது மேனாட்டார் பழக்கம், வணிகர் கட்டிவிட்ட விழா என்று தமிழ் பயின்ற நம்மவர் பலர் ஒதுக்கிவிடுவதுண்டு. நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். அந்நாளின் பிறப்பைத் தேடிச் சென்றபோதுதான் நம் எண்ணத்தைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது.

1907ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் மோனங்கா என்னும் ஊரின் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 360க்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். ஏறத்தாழ ஆயிரம் பிள்ளைகள் தந்தையை இழந்தனர். அருகிலிருந்த ஃபேர்மான்ட் நகரத்துப் பெண் கிரேஸ் கோல்டன் கிளேட்டன் அத்துயரைக் கண்டு, மறைந்த தந்தையருக்காக ஒரு வழிபாடு நடத்தும்படி தம் தேவாலயத்துப் போதகரை வேண்டினார். 1908 ஜூலை 5ஆம் நாள் அது நடந்தது. அடுத்த ஆண்டு தொடரவில்லை. ஊரும் அதை மறந்துபோயிற்று.

இரண்டாண்டு கழித்து, நாட்டின் மறுகோடியில், வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேன் நகரில் சொனோரா ஸ்மார்ட் டாட் என்னும் பெண்ணுக்கு அதே எண்ணம் தோன்றியது. அவருடைய தந்தை வில்லியம் ஸ்மார்ட் அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றியவர், உழவர். 1898இல் மனைவி பிள்ளைப்பேற்றில் இறந்தபின், பதினாறு வயதுச் சொனோராவையும் அவருடைய தம்பியர் ஐவரையும் தனியராய் வளர்த்தவர். தந்தையின் பிறந்தநாளாகிய ஜூன் 5ஆம் நாளையே மகள் கேட்டார். போதகர்கள் உரை ஆயத்தம் செய்யக் காலம் போதாமையால் 1910 ஜூன் 19ஆம் நாளுக்கு விழா தள்ளிப்போயிற்று. அது மூன்றாம் ஞாயிறு, அதுவே நிலைத்தது. தந்தை இருப்போர் செந்நிற ரோஜாவும், இழந்தோர் வெண்ணிற ரோஜாவும் அணிந்தனர். ஆடை வணிகர் இவ்விழாவைக் கையிலெடுத்தது 1930களில். சட்டம் ஏற்றது 1972இல். ஆக, அட்டைக்கும் பரிசுக்கும் முன்னரே இந்நாள் பிறந்துவிட்டது. பிள்ளைகள் ஒன்றுகூடித் தந்தையை நினைத்தல் என்பதே அதன் மூலக்கரு.

இக்கரு தமிழுக்குப் புதிதன்று என்பதற்கு நம் மொழியே சான்று. 'எந்தை' என்னும் பழஞ்சொல் எம் + தந்தை எனப் பிரியும். 'நுந்தை' என்பது நும் + தந்தை. இரண்டிலும் பன்மை உள்ளது. 'நுந்தை' என்னும் சொல்லின் முதலெழுத்து ஒலிக்கும் முறையைத் தொல்காப்பியமே எடுத்துப் பேசுகிறது. அத்துணைப் பழமை வாய்ந்தது அச்சொல். இன்றும் உடன்பிறப்பில்லாத ஒற்றைப் பிள்ளைகூட 'எங்கப்பா' என்றே சொல்லக் கேட்கிறோம். தந்தை ஒருவருக்கு மட்டும் உரியவர் அல்லர் என்னும் உணர்வு இலக்கணத்திலேயே பதிந்துகிடக்கிறது.

இவ்வுணர்வின் உச்சம் புறநானூற்றின் 112ஆம் பாடல். அதைப் பாடியோர் பாரி மகளிர். இருவர் சேர்ந்து பாடிய பாட்டு. தொகுத்தோர் அவர்களுடைய தனிப்பெயர்களைக்கூடத் தரவில்லை. அங்கவை, சங்கவை என்னும் பெயர்கள் பிற்கால மரபு தந்தவை. மூவேந்தரும் பறம்பு மலையை முற்றுகையிட்ட காலத்து ஒரு நிலவையும், தந்தை மடிந்து மலை பறிபோனபின் வந்த ஒரு நிலவையும் அருகருகே நிறுத்தி, ஐந்தே அடிகளில் முடித்துவிடுகின்றனர். தந்தையின் கொடையையோ வீரத்தையோ அவர்கள் விரித்துரைக்கவில்லை. தந்தையையும் குன்றையும் சேர்த்தே எண்ணுகின்றனர். தந்தையை நினைத்தல் என்பது அவர் வாழ்ந்த மலையையும் நினைத்தல் என்பதே இப்பாட்டு நமக்குக் கற்பிப்பது.

இப்பாடத்தோடு குந்தாவுக்கு வருவோம். படுகர் தம் நாக்குபெட்டாவைப் பகுத்த நான்கு சீமைகளுள் குந்தெ நாடும் ஒன்று. இன்று மஞ்சூரைத் தலைமையிடமாகக் கொண்ட வட்டம் இது. 1950களின் பிற்பகுதியில் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாட்டின் உதவியோடு இங்கு நீர்மின் திட்டம் எழுந்தது. 1960இல் மின் உற்பத்தி தொடங்கியது. குந்தா, கெத்தை, பரளி, பில்லூர், அவலாஞ்சி, பார்சன்ஸ் பள்ளத்தாக்கு ஆகிய ஆறு இடங்களில் அமைந்த மின்நிலையங்களின் திறன் 585 மெகாவாட். மலையைக் குடைந்து சுரங்கம் அமைத்தோரும் அணைக்குக் கல் சுமந்தோரும் யாரோ சில பிள்ளைகளின் தந்தையரே. அவ்வணைகளின் பெயரைச் சொல்லும் நாம் அவர்களுடைய பெயரை அறியோம்.

பின்னர் வந்தோர் இலங்கை மலையகத் தமிழர். 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு எனக் கணக்கிட்டது. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கிப் பலர் நீலகிரியை அடைந்தனர். அவர்களுடைய மறுவாழ்வுக்கென 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பெற்றது. அவர்களும் ஒரு குன்றை இழந்தவர்களே. எட்டு வயதில் கப்பலேறிய சிறுவர் இன்று ஐம்பதைக் கடந்த தந்தை, சிலர் பாட்டனார். அவர்களுடைய பிள்ளைகளோ வேலை தேடிக் கோவைக்கும் திருப்பூருக்கும் சென்றுகொண்டிருக்கின்றனர். கேட்பார் இல்லாமல் அம்மலைக் கதை அவரோடு முடிந்துவிடுமோ என்பதே நம் கவலை.

எனவே தந்தையர் தினத்தைக் குந்தாவின் பிள்ளைகள் எவ்வாறு சேர்ந்து கொண்டாடலாம் என்பதற்கு நாம் சில விளையாட்டுகளை முன்வைக்கிறோம். முதலாவது, வளைவு விளையாட்டு. மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்கும் சாலையில் 43 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அப்பாவோடு பேருந்தில் செல்கையில், வளைவுக்கு ஒரு கேள்வியாகப் பிள்ளைகள் முறைவைத்துக் கேட்கட்டும். முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள், பள்ளியில் யாரிடம் அடி வாங்கினீர்கள் என்று தொடங்கினால், கீழே சேர்வதற்குள் 43 விடைகள் கிட்டிவிடும். ஒரே கேள்வியை இருமுறை கேட்டவர் தோற்றவர்.

இரண்டாவது, பங்கு போட்டு வரைதல். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத் தெரிந்த அப்பாவைத் தனித்தாளில் வரைய வேண்டும். முடியும்வரை பிறர் தாளைப் பார்த்தல் ஆகாது. மூத்தவள் அறிந்தவர் கவாத்துக் கத்தியோடு விடியலில் புறப்பட்டவர். இளையவன் அறிந்தவர் தோளில் தூக்கித் திரிபவர். தாள்களை ஒட்டிச் சுவரில் மாட்டினால், தம் தந்தை இத்தனை பேரா என்று பிள்ளைகளே வியப்பர், தந்தையும் வியப்பார்.

மூன்றாவது, வழிப்படம். இலங்கைத் தோட்டத்து லயத்திலிருந்து குந்தா வரை தந்தையோ பாட்டனாரோ வந்த வழியை ஒரு பெரிய தாளில் வரைந்து, தங்கிய இடந்தோறும் அவர் சொன்ன ஒரு செய்தியை எழுதுதல். அன்றைய உணவு, அவர் சிறுவயதில் உண்ட ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். பிசைபவர் ஒருவர், தட்டுபவர் ஒருவர், துருவுபவர் ஒருவர். அம்மாவுக்கு அன்று அடுக்களையில் ஓய்வு.

இவற்றுக்குச் செலவு மிகுதியில்லை. இழந்தபின் பாடப்பட்டது பாரி மகளிர் பாட்டு. இழந்தபின் நடந்தது ஃபேர்மான்ட் வழிபாடு. சொனோராவின் விழாவின்போதோ தந்தை உயிரோடிருந்தார், 1919இல்தான் மறைந்தார். நம் பிள்ளைகளுக்கும் அந்தப் பேறு இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்பதே நம் விருப்பம். ஜூன் மாதத்தில் குந்தாவில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருக்கும்; வெளியே செல்ல இயலாத ஞாயிறு அது. அடுப்பைச் சுற்றி அமர்ந்து, 'அப்பா, உங்கள் ஊர் மலை எப்படியிருக்கும்?' என்று ஒரு பிள்ளை தொடங்கினால் போதும்; மற்றவை தாமே வரும்.