சீட்டு எழுதும் இடம்: காரங்காடு கடற்கரையை முன்வைத்துச் சுகாதார நிலைய நிர்வாகப் பணியாளர் தேர்வு குறித்து

சுகாதார நிலையத்தின் நிர்வாக, இயக்கப் பணியாளர்கள் நேரடியாகச் சிகிச்சை தராதவர்கள். ஓ.பி. சீட்டு எழுதுபவர், கணினியில் பதிபவர், கணக்கர், காப்பீட்டு மேசையைப் பார்ப்பவர், மருந்துப் பெட்டிகளை இறக்கி அடுக்குபவர், துப்புரவுப் பணியாளர், காவலர் ஆகியோர் இதில் அடங்குவர். பெரிய மருத்துவமனையில் இவை தனித்தனிப் பிரிவுகளாக இயங்கும். சிறிய நிலையத்திலோ ஓரிருவர் கையில் எல்லாம் சேர்ந்துவிடும். இந்தியப் பொதுச் சுகாதாரத் தர விதிகளின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம், 'ஏ' வகை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 13 பணியிடங்களை இன்றியமையாதவை என்று குறித்தது. அவற்றில் 4 இத்தகையவை: கணக்கும் கணினிப் பதிவும் பார்க்க ஒருவர், பல்திறன் கடைநிலைப் பணியாளர் இருவர், துப்புரவும் காவலும் பார்க்க ஒருவர். மருத்துவர் பற்றாக்குறை பேசப்படும் அளவுக்கு இந்த நான்கு இடங்களும் பேசப்படுவதில்லை. சிகிச்சை இடையில் அறுந்துபோகாமல் தொடர்வது பெரும்பாலும் இவர்களைப் பொறுத்தது. ஆகவே இவர்களுக்கான தேர்வும் செவிலியர் தேர்வைப் போலவே வரையறையும் உறுதியும் கொண்டதாக இருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. கடற்கரையின் தேவை

காரங்காடு, ராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே, பாக் விரிகுடாவை ஒட்டிய மீனவக் கிராமம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, அலையாத்திக் காடுகளின் ஓரத்தில் அமைந்திருக்கிறது. செங்கோல் மாதா ஆலயத்தை மையமாகக் கொண்ட இவ்வூர் மக்களில் பெரும்பாலோர் சிறு படகுகளில் கரையோரத் தொழில் செய்பவர்கள். ராமநாதபுரம் மாவட்டம் 2018இல் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மாவட்டத் தலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. உயர்சிகிச்சை இதனால் அருகில் வந்தது. ஆனால் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை, கர்ப்பகாலப் பரிசோதனை, தடுப்பூசி ஆகியவற்றுக்கு மக்கள் நாடுவது பக்கத்துச் சுகாதார நிலையங்களையும் சிறு கிளினிக்குகளையுமே.

கடல் தொழிலின் நேரம் அலுவலக நேரத்தோடு ஒத்துப்போவதில்லை. வலையை எடுத்து, மீனை விலைக்குப் போட்டுவிட்டுத் தொழிலாளி நிலையத்துக்கு வரும்போது ஓ.பி. முடிந்திருக்கலாம். அவரைத் திருப்பி அனுப்புவதா, செவிலியரிடம் சொல்லி அந்த மாத மாத்திரையையாவது வாங்கித் தருவதா என்ற முடிவு முதலில் சீட்டு எழுதுபவரின் முன்தான் வந்து நிற்கிறது. ஊரின் தொழில் நேரம் தெரிந்தவர் அங்கே இருப்பதற்கும் தெரியாதவர் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு, மருந்து விட்டுப்போன நாட்களில் தெரியும்.

2. பதிவின் எடை

தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையின் பெருந்திட்டங்கள் பலவும் பதிவை நம்பி நிற்பவை. 2008இல் தொடங்கிய 'பிக்மி' கணினிப் பதிவு, கர்ப்பிணியையும் குழந்தையையும் தொடர்ந்து கவனிக்கிறது. 2017 முதல் பிறப்புப் பதிவுக்கு அதன் 12 இலக்க எண் கேட்கப்படுகிறது. முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் வழக்கம் இந்தப் பதிவைச் சோதித்துப் பார்க்கும் இடம். தொண்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட பெண் ஏழாம் மாதத்தில் காரங்காட்டுக்கு வருகிறாள் என்றால், அங்கே எழுதப்பட்ட இரத்த அளவு, ஊசி, ஸ்கேன் விவரம் எல்லாம் அவளோடு இங்கே வந்துசேர வேண்டும். பழைய எண்ணைத் தேடி எடுக்காமல் புதிய பதிவு போட்டுவிட்டால், ஒரே கர்ப்பம் இரண்டு இடத்தில் பதிவாகும். முதல் இடத்தில் அவள் பரிசோதனைக்கு வராதவளாக நிற்பாள். இரத்தசோகை குறித்த எச்சரிக்கையும் அந்தப் பழைய பதிவோடு தங்கிவிடும்.

புனிதர் பெயர்களைச் சூட்டும் கத்தோலிக்க ஊர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். சிலருக்குத் தகப்பன் பெயரும் ஒன்றாகவே இருக்கும். கைபேசி எண் மனைவியுடையதாகவோ மகனுடையதாகவோ இருக்கும். வீட்டுப் பெயர், தெரு, பட்டப்பெயர் கேட்டு ஆளைச் சரியாகப் பிரித்தறியத் தெரிந்தவரே அங்கே நல்ல பதிவாளர். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடிச் செல்லும் மாத்திரையும், இவ்வகைப் பட்டியல் சரியாக இருந்தால்தான் உரிய வீட்டுக்குப் போய்ச் சேரும்.

மருந்து இருப்பிலும் இதே நிலைதான். 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒதுக்கீட்டு அளவைப் பாஸ்புக்கில் குறித்து, கிடங்கிலிருந்து மருந்து வழங்கும் முறையை வளர்த்தது. பிற மாநிலங்களும் முன்மாதிரியாகக் கொண்ட ஏற்பாடு அது. ஆனால் நிலையத்தின் இருப்புப் பதிவேடு பிசகினால், கிடங்கில் மருந்து இருந்தும் நோயாளிக்குக் கிடைக்காது. தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும்; மின்தடையின்போது குளிர்பெட்டியைக் கவனிப்பதும், உரியவரை உடனே அழைப்பதும் பல சமயம் அப்போது பணியில் இருக்கும் கடைநிலைப் பணியாளர்தான்.

3. இன்றைய நியமன முறை

மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் போன்ற நிலையான பணியிடங்களை 2012இல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தி நிரப்புகிறது. தேசிய சுகாதாரத் திட்டத்தின் கீழ் வரும் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர், பல்நோக்கு மருத்துவமனைப் பணியாளர் போன்ற இடங்களுக்கு மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் தற்காலிக, ஒப்பந்த அடிப்படையில் ஆள் எடுக்கின்றன. தொகுப்பூதியம், பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தம், பணி நிரந்தரம் கோரக் கூடாது என்ற நிபந்தனை ஆகியவை இவ்வகை அறிவிப்புகளில் வழக்கமாகக் காணப்படுபவை. பெரிய அரசு மருத்துவமனைகளில் துப்புரவும் காவலும் வெளி ஒப்பந்ததாரர்களிடம் விடப்பட்டுள்ளன. தனியார் கிளினிக்குகள் பலவற்றில் எழுத்து ஒப்பந்தமே இல்லை. தெரிந்தவர் சொன்னார் என்று ஆள் வருவார், அவரே டோக்கன் கொடுப்பார், மருந்து எடுப்பார், மாலையில் கூட்டிப் பெருக்கவும் செய்வார்.

சட்டம் இரு பக்கமும் பேசுகிறது. முறையான தேர்வின்றி வந்த தற்காலிகப் பணியாளர் நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்று உமாதேவி வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரே வேலை செய்யும் தற்காலிகப் பணியாளருக்கு நிரந்தரப் பணியாளரின் ஊதிய விகிதத்தில் உள்ள குறைந்தபட்ச ஊதியம் தரப்பட வேண்டும் என்று 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பாடம் தெளிவானது: தொடக்கத்திலேயே தேர்வை முறையாக நடத்திவிட வேண்டும், வேலைக்கேற்ற ஊதியத்தைப் பின்னால் வரும் வழக்குக்கு விட்டுவைக்கக் கூடாது. பதினொரு மாதத்தில் ஆள் மாறினால் நிலையம் இழப்பது ஒரு பணியாளரை மட்டுமல்ல. எந்த வீட்டில் யாருக்கு என்ன மாத்திரை என்று அவர் சேர்த்துவைத்த அறிவும் அவரோடு போய்விடுகிறது.

4. முன்மாதிரிகள்

மதுரையில் 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டாண்டுப் பயிற்சி தருகிறது. அறுவை அரங்கு, கண் பரிசோதனை ஆகியவற்றோடு நோயாளி ஆலோசனை, மருத்துவ ஆவணம், வளாகப் பராமரிப்பு ஆகியவையும் அப்பயிற்சியின் கிளைகளே. அதன் கிராமப்புறப் பார்வை மையங்களில் கண் பரிசோதிப்பவரோடு பதிவையும் ஆலோசனையையும் பார்க்க ஓர் ஒருங்கிணைப்பாளர் இருக்கிறார். சிறு நிலையத்தின் அமைப்பிலேயே நிர்வாகப் பணிக்குத் தனி இடம் உண்டு என்பதை இது காட்டுகிறது. பிரிட்டனில் 1966ஆம் ஆண்டின் குடும்ப மருத்துவர் ஒப்பந்தம், உதவிப் பணியாளர் சம்பளத்தில் 70 விழுக்காட்டை அரசே திருப்பித் தர வகைசெய்தது. தனித்து இயங்கிய மருத்துவர்கள் வரவேற்பாளரையும் செயலரையும் வைத்துக்கொள்ள அது பெரிதும் உதவியது.

காரங்காட்டிலேயே ஒரு சான்று உண்டு. வனத்துறையின் சூழல் சுற்றுலாவில் அலையாத்திக் காட்டுக்குள் படகு செலுத்துவதிலும் வருவோரைக் கவனிப்பதிலும் ஊர் மக்களே ஈடுபடுகின்றனர். உள்ளூர் அறிவை வேலைத் தகுதியாக மதிக்க முடியும் என்பதற்கு அது போதிய எடுத்துக்காட்டு.

5. இரு மறுப்புகள்

உள்ளூர் ஆளை வைத்தால் நோயின் இரகசியம் ஊருக்குள் போய்விடும் என்பது முதல் மறுப்பு. இது புறக்கணிக்கக்கூடியதன்று. காசநோய், மனநோய், திருமணத்துக்கு முந்தைய கர்ப்பம் ஆகியவை சிறிய ஊரில் ஒரு குடும்பத்தின் மானத்தோடு கட்டுண்டவை. எச்.ஐ.வி. நிலையை வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பிற நோய்களுக்கும் அதே ஒழுங்கைப் பணி நிபந்தனையாக்குவதே முறை. அதே வட்டாரத்தவராக, ஆனால் சொந்த ஊருக்கு அடுத்த ஊரில் பணியமர்த்தினால் பேச்சும் தொழிலும் தெரிந்தவர் கிடைப்பார். உறவின் நெருக்கடியும் குறையும். சீட்டு எழுதுபவருக்கு நோய் விவரம் முழுதும் தெரியத் தேவையில்லை. கணினியில் அவர் பார்க்கும் பக்கத்தை வரையறுக்கலாம்.

செயலிகள் வந்தபின் எழுத்தர் எதற்கு என்பது இரண்டாவது. செயலி தானாகப் பதிந்துகொள்வதில்லை. தனிப் பதிவாளர் இல்லாத இடத்தில் அந்த வேலை கிராம சுகாதாரச் செவிலியரின் தலையில் விழுகிறது. வீடு வீடாகச் செல்ல வேண்டிய நேரம் கைபேசித் திரையில் கழிகிறது.

6. தேர்வுக்கான நெறிகள்

முதலாவது, பணிப் பட்டியல். ஆள் தேடுமுன் நிலையத்தின் ஒரு வார வேலைகளை எழுதி, யாருக்கு எது என்று பிரிக்க வேண்டும்.

இரண்டாவது, வேலையையே தேர்வாக்குதல். ஒரே பெயருள்ள மூவரின் சீட்டுகளைப் பிரித்துப் பதியச் சொல்லலாம்; இருப்புப் பதிவேட்டில் ஒரு பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்; எழுதப் படிக்கத் தெரியாத முதியவருக்குக் காப்பீட்டு அட்டைக்கான ஆவணங்களை விளக்கச் சொல்லலாம். தட்டச்சு வேகத்தைவிட இவை அதிகம் சொல்லும். மதிப்பெண்ணை எழுத்தில் வைத்து வெளியிட்டால் சிபாரிசுக்கு இடம் குறையும்.

மூன்றாவது, பாதுகாப்பு. 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாள்வோருக்குப் பயிற்சியும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசியும் தரக் கோருகின்றன. பணியில் சேரும் நாளிலேயே இதைத் தொடங்க வேண்டும்.

நான்காவது, கால உறுதி. ஒப்பந்தம் தவிர்க்க முடியாததாயின் அது மூன்றாண்டுக்குக் குறையாமல், ஆண்டு உயர்வோடும் விடுப்போடும் இருக்க வேண்டும். விலகுபவர் புதியவருடன் இரண்டு வாரமாவது சேர்ந்திருந்து ஒப்படைப்பதை நிபந்தனையாக்க வேண்டும்.

ஐந்தாவது, மேலே செல்லும் வழி. பதிவாளர் ஆவணப் பொறுப்பாளராகவும், கடைநிலைப் பணியாளர் கிடங்கு உதவியாளராகவும் உயர இடமிருந்தால், கற்ற வேலை நிலையத்திலேயே தங்கும். அரசு நிலையங்களில் நோயாளர் நலச் சங்கமும், தனியார் கிளினிக்குகளில் மருத்துவரும் ஆண்டுக்கொருமுறை இந்த ஐந்தையும் சரிபார்த்தால், பணியாளர் தேர்வு சிகிச்சைத் தரத்தின் ஒரு கூறாக நிலைபெறும்.