ஆளைப் பார்த்தாலே தெரியும்

நெய்யூரில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. ஜவுளிக் கடை வைத்திருக்கிறார். சென்ற மாதம் நான் போனபோது மனிதர் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார்.

“நாலு பேரு வந்தாவ, அண்ணாச்சி. ஒருத்தி சேலையை விரிக்கச் சொன்னா, ஒருத்தி விலை பேசினா, ஒருத்தி குடிக்க வெள்ளம் கேட்டா. நாலாமத்தவகூட மூணு பட்டு போயாச்சு. இவங்களுக்குன்னு ஒரு சட்டம் வேண்டாமா? ஆளைப் பாத்தாலே எந்தக் கூட்டம்னு தெரியுமே!”

சட்டம் வந்துவிட்டது என்றேன். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 112-வது பிரிவு, கும்பலாகச் சேர்ந்து செய்யும் சில்லறைக் குற்றங்களுக்கென்றே ஏற்பட்டது. கடைக்குள் வந்து சரக்கைத் திருடுவதும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. தண்டனை ஓராண்டுக்குக் குறையாது, ஏழாண்டு வரை போகலாம், அபராதமும் உண்டு. கும்பலில் சேராத தனி ஆள், முதல் தடவையாக, 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடிவிட்டுத் திருப்பியும் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. வயிற்றுக்கு எடுத்தவனையும் தொழிலாகச் செய்பவனையும் சட்டம் வேறாகப் பார்க்கிறது. நல்லதுதான்.

சிநேகிதருக்குப் பரம திருப்தி. எனக்கோ அவர் சொன்ன கடைசி வார்த்தை முள்ளாய்த் தைத்தது. ஆளைப் பார்த்தாலே தெரியும் என்ற நம்பிக்கைக்குப் பழைய சரித்திரம் ஒன்று உண்டு.

சிலப்பதிகாரத்தில் காவலர்கள் கோவலனைப் பார்த்து, இவன் திருடனல்ல என்றே நினைத்தார்கள். பொற்கொல்லனோ கள்வர்களின் எட்டு உபாயங்களை அடுக்கி அவர்கள் மனத்தைக் கலைத்தான். சிலம்பைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. உயிர் போயிற்று.

அது காவியம். வெள்ளைக்கார சர்க்கார் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டது; 1911-ல் அது சென்னை ராஜதானிக்கும் வந்தது. ஒரு சாதி முழுவதையுமே குற்றக் கூட்டம் என்று அறிவித்துவிடலாம். பிறகு கைரேகை, பதிவு, ராத்திரியில் ஆஜர். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் அந்தப் பதிவை எதிர்த்து நின்றார்கள். போலீஸ் சுட்டது. மாண்டவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி. சென்னையில் 1947-லும், தேசம் முழுவதிலும் 1952-லும் அந்தச் சட்டம் ஒழிந்தது. நெய்யூர் அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956-ல்தான் நம்மோடு இணைந்தது. அதனால் மதுரைச் சீமையின் இந்தக் கண்ணீர் என் சிநேகிதரின் காதுக்கு எட்டியிருக்கவில்லை.

பழைய சட்டத்திலும் கூட்டம் என்ற சொல் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. அன்று பிறப்பே கூட்டத்தைத் தீர்மானித்தது. இன்று, சேர்ந்து செய்த செயலைச் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். போலீஸ்காரரும் கடைக்காரரும் இந்த வித்தியாசத்தை மறந்தால், புதிய ஏட்டில் பழைய எழுத்து வந்து உட்கார்ந்துவிடும்.

சிநேகிதர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “அப்பம் கள்ளனை எப்படித்தான் அடையாளம் காண்பது, அண்ணாச்சி?”

“முகத்தைப் பார்க்காதீர், கையைப் பாரும்,” என்றேன்.