சிறிய சென்சருக்குப் பெரிய உடல் எதற்கு? – ஒரு கமெரா விவாதத்தின் வரலாறு

2019ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் திகதி யப்பானின் ஒலிம்பஸ் நிறுவனம் ஒரு கமெராவை அறிமுகம் செய்தது. ஈ-எம்1எக்ஸ் என்பது அதன் பெயர். 1919இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்துக்கு அது நூற்றாண்டு விழா ஆண்டு. வாழ்த்துகள் குவிந்திருக்க வேண்டிய வேளையில் விவாதமே குவிந்தது. கமெராவைச் சிறிதாக்குவதற்கென்றே உருவாக்கப்பட்ட மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் முறையில், பற்றரிகளோடு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் (துல்லியமாகச் சொன்னால் 997 கிராம்) நிறையுள்ள ஒரு கமெராவைச் செய்தது ஏன்? சிறிய சென்சரைப் பெரிய பெட்டிக்குள் வைப்பது முரண்பாடு அல்லவா?

இது கமெரா பிரியர்களின் வீட்டுச் சண்டை என்று வாசகர் சிலர் ஒதுக்கக்கூடும். அப்படி ஒதுக்குவதற்கில்லை. எந்தக் கமெரா எந்த இடத்துக்கு, யார் கையில் போகிறது என்பதைப் பொறுத்தே எந்த வரலாறு படமாக எஞ்சுகிறது என்பது தீர்மானமாகிறது. 1990 ஜூன் நடுப்பகுதியில் மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்தனர். அதன்பின் 27 ஆண்டுகள் அவ்வூர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. 2017 ஜூலை 3ஆம் திகதி துறைமுகமும் அதனையண்டிய 54 ஏக்கர் காணியும் விடுவிக்கப்பட்டபோது, திரும்பி வந்தவர்கள் பலர் தமது வீட்டின் அத்திவாரத்தையே தேட வேண்டியிருந்தது. இங்கே ஒரு வீடு இருந்தது, இங்கே ஒரு மதில் இருந்தது என்று காட்டுவதற்குப் படம் வைத்திருந்தவர்கள் பாக்கியசாலிகள். அத்தகைய ஊரில் கமெராவின் அளவு பற்றிய கேள்வி பொழுதுபோக்குக் கேள்வி அன்று.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம்.

பெரிய கமெராவின் பெருமையும் சிறுமையும் இலங்கைக்குப் புதியவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞரான ஜூலியா மார்கரெட் கமெரோன் 1875இல் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்கு வந்து குடியேறினார். 1879இல் இங்கேயே மறைந்தார். ஏறத்தாழ 15 அங்குலமும் 12 அங்குலமும் கொண்ட கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்தவர் அவர். தகட்டில் இரசாயனத்தைப் பூசி, அது ஈரமாயிருக்கும்போதே படம் எடுத்து, உடனேயே கழுவியும் ஆகவேண்டும். இங்கிலாந்தில் பல நூறு படங்களை எடுத்த அவர், இலங்கையில் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. கருவி பெரிதாயிருந்ததால் படத்தின் தரம் உயர்ந்தது. படங்களின் தொகை சுருங்கியது. கமெரா விவாதத்தின் அடிப்படைக் கணக்கு அன்றே எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

இக்கணக்கை மாற்றியவர் ஜேர்மனியரான ஒஸ்கார் பார்னாக். ஆஸ்துமா நோயாளியான அவருக்குத் தகட்டுக் கமெராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு மலையேறுவது இயலாததாயிற்று. சினிமாவுக்கான 35 மில்லிமீற்றர் படச்சுருளைக் கொண்டு, சட்டைப் பையில் அடங்கக்கூடிய ஒரு கருவியை 1914 அளவில் அவர் செய்தார். 1925இல் லெய்ப்சிக் சந்தையில் அது லைக்கா என்ற பெயரில் அறிமுகமாயிற்று. அதன் படச்சட்டம் 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமும் கொண்டது. தொழில்முறைக் கலைஞர்கள் பலர் அதனை விளையாட்டுப் பொருளாகவே கருதினர். ‘சிறுபடம்’ என்ற பொருள் தரும் பெயரே ஜேர்மன் மொழியில் அந்த அளவுக்கு நிலைத்தது. இன்று ‘முழுச்சட்டம்’ என்று பெருமையோடு பேசப்படுவதும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸைச் சிறியது என்று தள்ளுவதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுவதும் அதே 36க்கு 24தான். நேற்றைய குள்ளன் இன்றைய அளவுகோலாகியிருக்கிறான்.

ஒலிம்பஸின் கதை இங்கேதான் வந்து இணைகிறது. அந்நிறுவனத்தின் வடிவமைப்பாளர் யொஷிஹிஸா மைத்தானி 1959இல் ‘பென்’ என்ற கமெராவை உருவாக்கினார். வழமையான சட்டத்தைப் பாதியாக வெட்டியதால், 36 படங்களுக்கான சுருளில் 72 படங்கள் எடுக்கலாம். பேனாவைப் போல எப்போதும் கூடவே இருக்க வேண்டும் என்பதே பெயரின் பொருள். 1972இல் அவர் படைத்த கமெரா, லைக்கா நிறுவனத்தின் ஆட்சேபத்தின் பின்னர் ஓஎம்-1 எனப் பெயர் மாறியது. அது முழுச்சட்டக் கமெரா. எனினும் அதன் உடல் சுமார் 500 கிராம்தான். அக்காலத்து நிக்கோன் கமெராக்கள் அதனருகே இரும்புத் துண்டங்களாய்த் தோன்றின. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பென் கமெராவில் மைத்தானி படச்சட்டத்தைச் சிறிதாக்கினார். ஓஎம்-1இல் சட்டத்தைத் தொடாமல் உடலை மட்டும் சிறிதாக்கினார். படச்சட்டத்தின் அளவும் கமெரா உடலின் அளவும் இரு வேறு விடயங்கள் என்பதை அன்றே அவர் செய்து காட்டிவிட்டார். பின்வந்த விவாதத்தின் குழப்பம் முழுவதும் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணியதால் விளைந்ததே.

ஓஎம்-1க்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அதன் ஷட்டர் பற்றரி இன்றியே இயங்கும். ஒளியை அளப்பதற்கு மட்டுமே பற்றரி தேவை. மின்சாரம் துண்டிக்கப்பட்டு, பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிருந்த 1990களின் யாழ்ப்பாணத்தை நினைவில் வைத்திருப்போர்க்கு இதன் அருமை புரியும். ஒரு கருவியின் சிறப்பு அது போய்ச் சேரும் நிலத்தையும் பொறுத்தது.

டிஜிட்டல் யுகத்தில் ஒலிம்பஸும் கொடாக்கும் சேர்ந்து ஃபோர் தேர்ட்ஸ் என்னும் பொது நியமத்தை அறிவித்தன. அதன் முதற் கமெராவான ஈ-1 2003இல் வந்தது. சென்சரின் அளவு 17.3க்கு 13 மில்லிமீற்றர். பரப்பளவில் முழுச்சட்டத்தின் நான்கில் ஒரு பங்குதான். ஆனால் உள்ளே கண்ணாடி இருந்ததால் உடல் எதிர்பார்த்த அளவுக்குச் சுருங்கவில்லை. 2008 ஓகஸ்டில் பனசோனிக்கும் ஒலிம்பஸும் அக்கண்ணாடியை அகற்றி, லென்ஸுக்கும் சென்சருக்கும் இடையிலான தூரத்தைப் பாதியாக்கின. அதுவே மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ். அவ்வாண்டே பனசோனிக் ஜி1 வந்தது. 2009 ஜூனில் பழைய பென் வடிவத்தில் ஒலிம்பஸ் ஈ-பி1 வந்தது. அடுத்த மாதம் மைத்தானி காலமானார்.

அந்த மரபிலிருந்து பத்தாண்டுகளில் ஈ-எம்1எக்ஸ் எப்படிப் பிறந்தது?

எதிர்ப்பாளரின் வாதத்தை முதலில் கேட்போம். அது எளிதில் தள்ளிவிடக்கூடியது அன்று. ஈ-எம்1எக்ஸின் அறிமுக விலை ஏறத்தாழ 3000 டொலர். மூன்று வாரங்களுக்குள் கனன் நிறுவனம் ஈஓஎஸ் ஆர்பி என்ற முழுச்சட்டக் கமெராவை 1300 டொலருக்கு அறிவித்தது. பற்றரியோடு அதன் நிறை 485 கிராம். நான்கு மடங்கு பெரிய சென்சர், பாதிக்கும் குறைந்த நிறை, பாதிக்கும் குறைந்த விலை! மேலும், ஒரே லென்ஸ் திறப்பிலும் ஒரே ஷட்டர் வேகத்திலும் சிறிய சென்சர் நான்கில் ஒரு பங்கு ஒளியையே மொத்தமாகச் சேகரிக்கிறது. இருட்டில் படத்தில் புள்ளிகள் மண்டும். கை நடுக்கத்தைச் சமன்செய்யும் பொறிமுறை ஒலிம்பஸில் மிகச் சிறந்தது என்பது உண்மையே. ஆயினும் அது கமெராவின் அசைவைத்தான் தணிக்கும். எதிரே இருப்பவரின் அசைவை நிறுத்தாது. விடியுமுன் துறைமுகத்தில் வலையை இழுக்கும் கைகளை உறைய வைக்க ஒளிதான் வேண்டும்.

ஆதரவாளரின் வாதம் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. கமெராவைத் தனியே நிறுக்காதீர்கள், லென்ஸோடு சேர்த்து நிறுங்கள் என்பது அவர்களது கோரிக்கை. ஒலிம்பஸின் 300 மில்லிமீற்றர் எஃப்4 லென்ஸ் சுமார் ஒன்றேகால் கிலோ. முழுச்சட்டத்தில் 600 மில்லிமீற்றர் காட்டும் கோணத்தை அது தருகிறது. 2018இல் வந்த கனனின் 600 மில்லிமீற்றர் எஃப்4 லென்ஸ் மூன்று கிலோவுக்கு மேல். நீண்ட லென்ஸை நாள் முழுதும் ஏந்தும் கைக்கு நல்ல பிடி வேண்டும். ஆகவே உடல் பெரிதாகிறது. கமெராவை நிமிர்த்திப் பிடித்தாலும் கிடத்திப் பிடித்தாலும் விசைகள் ஒரே இடத்தில் விரலுக்கு எட்ட வேண்டும். ஆகவே இரட்டைப் பிடி. இரண்டு பற்றரிகள் இருப்பதால் நியமச் சோதனைப்படி 870 படங்கள் எடுக்கலாம். மேற்சொன்ன ஆர்பியில் 250தான். மழையும் தூசியும் உப்புக்காற்றும் நுழையாதபடி பொருத்துக்கள் இறுக்கமாக அடைக்கப்பட்டிருக்கின்றன. வீடியோ எடுப்போர்க்கு வெப்பமும் ஒரு பிரச்சினை. 2022இல் பனசோனிக் தனது ஜிஎச்6 கமெராவுக்குள் காற்றாடியையே வைத்தது. அதன் நிறை 800 கிராமைத் தாண்டியது. உடலின் அளவைத் தீர்மானிப்பவை கையும் பற்றரியும் வெப்பமும் கடற்காற்றும்தான், சென்சர் அன்று.

இவ்வாதத்திலும் ஓட்டை உண்டு. எஃப்4 என்பது சிறிய சென்சரில் தரும் ஆழமும் மொத்த ஒளியும் முழுச்சட்டத்தின் எஃப்8க்கு நிகரானவையே. 2020இல் கனன் 600 மில்லிமீற்றர் எஃப்11 லென்ஸை 930 கிராமில் கொண்டுவந்தபோது, நீண்ட லென்ஸ் இலேசாயிருப்பது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸின் தனியுரிமை என்ற நிலை ஆட்டம் கண்டது.

இவ்விரு வாதங்களையும் மயிலிட்டியில் வைத்துப் பார்த்தால் தெளிவு பிறக்கிறது. எல்லை தாண்டியதாகக் கைப்பற்றப்படும் தமிழகத்தின் இழுவைப் படகுகள் பல இத்துறைமுகத்துக்கே கொண்டுவரப்படுகின்றன. கரையில் நின்று தூரத்துப் படகின் பெயரையும் இலக்கத்தையும் வாசிக்கத்தக்க படம் வேண்டுமெனில் நீண்ட லென்ஸும் உப்புக்காற்றைத் தாங்கும் உடலும் வேண்டும். சுண்டிக்குளத்துக்கு வரும் பூநாரைகளைப் பதிவுசெய்வோர்க்கும் அவ்வாறே. இவர்களுக்குப் பெரிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கமெரா முரண்பாடு அன்று, தொழிற்கருவி. ஆனால் ஊரை ஆவணப்படுத்த விரும்புவோர் நிலை வேறு. இடிந்த மதில், கிணற்றுக்கட்டு, எஞ்சிய கோயிற் தூண், மூதாட்டி ஒருவர் சுட்டிக்காட்டும் வேலி எல்லை ஆகியன அசைவதில்லை, தூரத்திலும் இல்லை. சட்டம் முழுவதும் தெளிவாய்த் தெரிவது ஆவணப் படத்தின் முதற்தேவை. ஒரே கோணத்துக்கும் ஒரே திறப்புக்கும் சிறிய சென்சர் அதிக ஆழத்தைத் தருவதால் அது இங்கே குறையாகாமல் நிறையாகிறது. இப்பணிக்கு அரைக் கிலோவுக்கும் குறைந்த பழைய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கமெரா ஒன்றே தாராளம்.

பெரிய உடலுக்கு எதிராக இன்னொரு வாதமும் உண்டு. யப்பானிலோ அமெரிக்காவிலோ அதை எவரும் எழுதுவதில்லை. படையினர் நடமாடும் நிலத்தில் பெரிய கமெரா தானே ஒரு கேள்வியாகிவிடுகிறது. யார் நீ, எந்தப் பத்திரிகை, எதற்குப் படம் என்ற விசாரணை கருவியின் அளவைப் பார்த்தே தொடங்கும். நமது பகுதியில் பணியாற்றிய ஊடகவியலாளர் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. சாதாரண கமெராவைத் தோளில் தொங்கவிட்டவர் உள்ளே போய்வரும் வேளையில், கருவி பெருத்தவர் வாசலில் நின்றுகொண்டிருப்பார்.

வரலாற்றின் தீர்ப்பு விரைவிலேயே வந்தது. 2020 ஜூனில் ஒலிம்பஸ் தனது கமெராப் பிரிவைக் கைமாற்றப்போவதாக அறிவித்தது. 2021 ஜனவரி 1 முதல் அது ஓஎம் டிஜிட்டல் சொலூஷன்ஸ் என்ற புதிய நிறுவனமாயிற்று. அந்நிறுவனம் 2022இல் கொண்டுவந்த முதன்மைக் கமெராவுக்கு, மைத்தானியின் கமெராவை நினைவூட்டும் வகையில் ஓஎம்-1 என்றே பெயரிட்டது. பற்றரியோடு அதன் நிறை 599 கிராம். ஈ-எம்1எக்ஸின் வல்லமைகளில் பெரும்பாலானவற்றையும் அவற்றுக்கு மேலானவற்றையும் அந்தச் சிறிய உடலுக்குள் அடக்கினார்கள். ஈ-எம்1எக்ஸுக்கு அதே உருவில் வாரிசு எதுவும் வரவில்லை. பெரிய உடல் பிழையென்று இதனால் ஆகிவிடாது. குறுகிய தேவைக்கான கருவியை முழு முறையின் முகமாக நிறுத்தியதே பிழை.

ஆகவே கமெரா வாங்க எண்ணும் நமது இளைஞர்கள் சென்சரையும் உடலையும் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பது நல்லது. கடலையும் பறவையையும் நோக்குவோர் கனத்ததை வாங்கட்டும். ஊரை நோக்குவோர் இலேசானதை வாங்கி, மிஞ்சிய பணத்தில் எடுத்த படங்களைத் தாளில் அச்சிட்டு, இடமும் திகதியும் பெயரும் எழுதி, இரண்டு வீடுகளில் வைக்கட்டும். இடம்பெயர்ந்தபோது மயிலிட்டியிலிருந்து வெளியே போன படங்கள் கலியாண அல்பங்களிலும் கடித உறைகளிலும்தான் போயின. அப்படங்களில் மாப்பிள்ளைக்குப் பின்னால் தற்செயலாகத் தெரியும் வாசற்படிதான் இன்று ஒரு குடும்பத்துக்குத் தன் வீடு இருந்த இடத்தின் சான்று. அதை எடுத்த கமெராவின் நிறை என்னவென்று இதுவரை எவரும் கேட்டதில்லை.