ஒரு கடற்கரையும் இரண்டு அரசுகளும்

இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியே எண்ணூர் வரை நீளும் கடற்கரையில் எல்லைக்கல் ஏதும் நடப்படவில்லை. ஆயினும், மத்திய அரசின் அதிகாரமும் மாநில அரசின் அதிகாரமும் பிரியும் கோடு அக்கரை நெடுகிலும் ஓடுகிறது. அக்கோட்டின் வரலாறு அறியத்தக்கது.

சென்னைத் துறைமுகம் 1905-ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டமொன்றின்படியே நிர்வகிக்கப்பட்டு வந்தது. 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் அதிகாரங்களை மூன்று பட்டியல்களாக வகுத்து, பெருந்துறைமுகங்களை மத்தியப் பட்டியலில் சேர்த்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த நமது அரசியல் சட்டமும் அவ்வழியே சென்று, மத்திய அரசுக்கு 97, மாநிலங்களுக்கு 66, இரண்டுக்கும் பொதுவாக 47 என்று இனங்களைப் பகுத்தது.

இப்பகுப்பின் விளைவை எண்ணூரில் கண்கூடாகக் காணலாம். 1999-இல் பெருந்துறைமுகமென அறிவிக்கப்பெற்று, 2001-இல் இயங்கத் தொடங்கிய காமராசர் துறைமுகம் மத்திய அரசைச் சார்ந்தது. அதனை அடுத்து வடக்கேயுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகமோ சிறுதுறைமுகம்; ஆதலின், தனியார் நடத்தினும் அது மாநிலக் கடல்சார் வாரியத்தின் வரம்பிற்குட்பட்டது. கரையோர மீன்பிடிப்பு மாநிலத்தின் பொருள். 12 கடல் மைலுக்கு அப்பாற்பட்டது மத்திய அரசின் பொருள். பெட்ரோலியம் மத்தியப் பட்டியலில் உள்ளது. நீரும் பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியலில் உள்ளன.

பட்டியல்கள் இவ்வாறு பிரிந்து நிற்பினும், ஓடும் நீர் பிரிந்து நிற்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. அது மணலியிலுள்ள மத்திய பொதுத்துறை எண்ணெய் ஆலையிலிருந்து வந்ததென்று மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறியது. அவ்வாரியத்துக்கு அதிகாரமளிக்கும் 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டமோ நாடாளுமன்றம் இயற்றியது. வழக்கை விசாரித்தது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். நிவாரணம் வழங்கியது மாநில அரசு. பாழான வலையும் படகும் மீனவருடையவை. அவர்களே நீரில் இறங்கி எண்ணெயை அள்ளவும் நேர்ந்தது.

இப்பகுப்பைத் திருத்துதல் வேண்டுமென்ற குரல் தமிழகத்தில் புதியதன்று. 1969-இல் அமைக்கப்பெற்ற இராஜமன்னார் குழு 1971-இல் தன் அறிக்கையை அளித்தது. 1983-இல் மத்திய அரசு சர்க்காரியா ஆணையத்தை நியமித்தது. 2025-இல் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் தமிழக அரசு மீண்டுமொரு குழுவை அமைத்தது.

அதிகாரம் எவ்வரசிடம் இருப்பினும் அது மக்கள் ஒப்படைத்த அமானிதமே. அதிகாரத்தைப் பகுப்போர் பொறுப்பையும் தெளிவுறப் பகுத்தல் வேண்டும். நீரில் எண்ணெய் கலந்தால் எவரிடம் சென்று முறையிடுவது என்பது எண்ணூர் மீனவனுக்கு ஐயமறத் தெரிந்திருத்தல் வேண்டும்; அதுவே நல்ல பகுப்பின் இலக்கணமாகும்.