பேனர் ஓவியரும் மாநகரச் சுவரும்

2009இல் சென்னை மாநகராட்சி அண்ணா சாலை, காமராஜர் சாலைச் சுவர்களில் சுவரொட்டி ஒட்டத் தடை போட்டது. கிழித்துச் சுத்தம் செய்த சுவர்களில் கோயில், பரதம், கிராமக் காட்சி என்று படங்கள் தீட்ட வைத்தது. தீட்டியவர்களில் பலர் சினிமாவுக்கும் கட்சிகளுக்கும் பேனர் வரைந்து பிழைத்தவர்கள். பட்டறையில் பெயின்ட் கலக்கிக் கொடுத்தே தொழில் பழகியவர்கள். சின்ன ஸ்டில்லில் கட்டம் போட்டு, அதே கட்டங்களைத் துணியில் பெரிதாக்கி, இருபதடி முகத்தைக் கண் மூக்கு பிசகாமல் கொண்டுவருவது அவர்கள் வித்தை. கிட்டே நின்றால் நீலமும் ரோஸும் திட்டுத்திட்டாகத்தான் தெரியும். பஸ்ஸில் போகிறவருக்கே அது முகம். ஃபிளெக்ஸ் வந்த சில ஆண்டுகளில் அந்தத் தொழில் படுத்துவிட்டது. 1972இல் கலை ஆய்வாளர் ரோஜர் கார்டினல் 'அவுட்சைடர் ஆர்ட்' என்று பெயரிட்டது சந்தையை நினைக்காமல் வரைந்தவர்களின் கலையை. கூலிக்கு வரைந்த பேனர்காரர் அதில் முழுக்க அடங்கமாட்டார். ஆனாலும் கலையுலகம் அவரை வாசலுக்கு வெளியேதான் நிறுத்தியிருந்தது.

மாநகராட்சி அவர் கையை எடுத்துக்கொண்டது, கலையை விட்டுவிட்டது என்பதே என் வாதம். அவர் ஆயுள் முழுக்க வரைந்தது நடிகரையும் தலைவரையும். 'அழகுபடுத்தல்' துடைத்தெறிய நினைத்ததும் அந்த முகங்களைத்தான். வேலையிழந்தவருக்குக் கூலி கிடைத்ததே என்பார்கள். கிடைத்தது, அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் சுவர் முடிந்ததும் வேலையும் முடிந்தது. பேனர் தொல்லை ஒழிய வேண்டாமா என்றால், தொல்லையைப் பெருக்கியது மலிவான ஃபிளெக்ஸ்தான். 2019இல் பள்ளிக்கரணையில் சாலையில் சரிந்து ஓர் இளம்பெண்ணின் உயிரைப் பறித்த பேனர் கையால் வரைந்ததல்ல.

சண்டிகரில் நடந்தது வேறு. சாலை ஆய்வாளரான நேக் சந்த், நகரத்துக்காக இடிக்கப்பட்ட கிராமங்களின் உடைசல்களைப் பொறுக்கி, அரசுக் காட்டு நிலத்தில் திருட்டுத்தனமாகச் சிலைகள் செய்தார். 1976இல் அந்தச் சிலைத் தோட்டம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. 1990இல் புல்டோசர் வந்தபோது மக்களே குறுக்கே நின்றார்கள். என்ன செய்வதென்று அவரே தீர்மானித்ததால் அமைந்த இடம் அது. சென்னைக்குத் திரும்பினால், 2020இல் மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகரில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை வரைவித்த சுவரோவியங்கள் அந்த முகவரியின் கெட்ட பெயரைக் கொஞ்சம் குறைத்தன என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் தூரிகை பெரும்பாலும் வெளியூர்க்காரர்களிடம் இருந்தது. நாளை காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையின் மதில்களுக்கு வண்ணம் பூச யாராவது முன்வந்தால், உள்ளூர் போர்டு ஓவியரிடம் சதுர அடிக்குக் கூலி பேசுவதற்கு முன், என்ன வரையலாம் என்று கேட்கட்டும்.