கொள்கலன் மென்பொருளும் கைவழி நிறுவலும்: ஒரு வரலாற்று நோக்கு

கப்பற் கொள்கலனின் வரலாற்றை, 1956 ஆம் ஆண்டில் 58 பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நியூ ஜேர்சியிலிருந்து ஹூஸ்டனுக்குச் சென்ற 'ஐடியல் எக்ஸ்' கப்பலிலிருந்து தொடங்குவது வழக்கு. பண்டம் எதுவாயினும் பெட்டியின் அளவு ஒன்றே என்பதே அம்மாற்றத்தின் உயிர்நாடி. கணினித்துறை அப்பெயரை இரவல் பெற்றதும் இக்காரணம் பற்றியே. ஒரு செயலியையும் அது வேண்டிநிற்கும் துணைநிரல்களையும் ஒரே பொதியாக்கி, வெவ்வேறு லினக்ஸ் கணினிகளில் ஒரே விதமாக இயக்குவதே கொள்கலன் மென்பொருளின் பணியாகும்.

இக்கருத்து திடீரெனத் தோன்றியதன்று. 1979 இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே, ஒரு நிரலின் பார்வையைக் கோப்பகம் ஒன்றினுள் அடக்கும் வசதி காணப்பட்டது. 2000 இல் ஃபிரீபிஎஸ்டி அமைப்பு அதனைச் 'சிறை' என்னும் பெயரால் வலுப்படுத்தியது. கூகிள் பொறியியலாளர் 2006 இல் தொடங்கிய வளப்பங்கீட்டு முறை 2008 இல் லினக்ஸ் கருவில் இணைந்தது. 2013 இல் வெளியான 'டொக்கர்' இவற்றையெல்லாம் எளியோரும் கையாளத்தக்கதாக்கியது.

இவ்வரலாறு நமக்கு ஏன் வேண்டும்? 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை கல்குடா உள்ளிட்ட கிழக்குக் கரையைத் தாக்கியபோது, காணாமற்போனோரையும் நிவாரண முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கைத் தொண்டர்கள் 'சகானா' என்னும் கட்டற்ற மென்பொருளை ஆக்கினர். 2006 ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநல விருதினை அது பெற்றமை நாம் பெருமைகொள்ளத்தக்கது. எனினும் அதனை இயக்க இணைய வழங்கி, தரவுத்தளம், பிஎச்பி மொழி ஆகியனவும் கணினியில் அமைந்திருக்க வேண்டியிருந்தது. அனர்த்த வேளையில் இவற்றைப் பொருத்தச் செலவாகும் ஒவ்வொரு மணிநேரமும் விலைமதிப்பற்றது. இச்சுமையைக் கொள்கலன் பெரிதும் குறைக்கும்.

ஆயின், கொள்கலன் மென்பொருளையே இணையக் களஞ்சியத்திலிருந்து நிறுவுவதே பொதுவழக்கு. தொடர்பு அறுந்த கரையோரத்தில் அவ்வழி பயன்படாது. அங்கு கைவழி நிறுவலே துணை. கணினியின் செயலி வகையையும் லினக்ஸ் வழங்கலின் பதிப்பையும் முதலில் அறிதல் வேண்டும். அவற்றுக்கேற்ற இயந்திரம், கட்டளைக் கருவி, கொள்கலன் இயக்கி ஆகிய பொதிகளை வேறிடத்தில் தரவிறக்கி, நினைவுக்கோலிற் கொணர்ந்து, ஒருங்கே நிறுவலாம். இயந்திரம் மட்டும் போதாது. வேண்டிய கொள்கலன் படிமங்களையும் முன்னரே கோப்புகளாகச் சேமித்துக் கொணர்தல் இன்றியமையாதது.

கைவழி நிறுவலுக்குக் குறையும் உண்டு. பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக வந்துசேரா. ஒவ்வொரு புதிய பதிப்பையும் நாமே தேடிப் பொருத்தல் வேண்டும். ஆகவே இம்முறையை நாள்தோறும் கைக்கொள்ள வேண்டுமென்பது எமது வாதமன்று. தானியங்கு வழி அடைபடும் நாளிலும் தொழிற்படத்தக்க அறிவு நம்மவரிடையே நிலைத்திருத்தல் வேண்டும் என்பதே. அலை வந்தபின் கற்றுக்கொள்ள அவகாசம் இராது.